ரிப்பேர் ஓடிக்கொண்டிருக்கிறது

நவம்பர் 3, வெள்ளி

காலை: கேப்பைக் கூழ் அரை டம்ளர். இரண்டு தடவை புரை ஏறியது. மதியம்: குழைத்த பருப்புச் சாதம், உள்ளே போனதைவிட துண்டில் வழிந்தது அதிகம். மாலை: கம்ப்யூட்டர் செத்தது.

இது திருமங்கலம் வீரணன் பெண்சாதி அங்கயற்கண்ணியின் நோட்டு. ஆஸ்பத்திரியில் எங்கேயாவது தவறவிட்டால் யாருடையது என்று தெரியட்டும் என்றுதான் பெயரை எழுதுகிறேன். கபடி வர்ணனை வீரணன் என்றால் உசிலம்பட்டிப் பக்கம் எந்த ஊரிலும் தெரியும். மைக்கைப் பிடித்தால் மழை வந்தாலும் கூட்டம் கலையாது. அந்த மனுஷனுக்குத்தான் இந்த நரம்பு வியாதி வந்தது. முதலில் கால், பிறகு கை, கடைசியில் தொண்டை. இப்போது கண்ணும் வலது கட்டைவிரலும்தான் அவர் சொன்னபடி கேட்கின்றன.

சாப்பாடும் மூச்சும் எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் மதுரை டாக்டர். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இவருடைய குரல் அதற்குள்தான் இருக்கிறது. தொண்டை போவதற்கு முன்னால் எஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்து ஒரு போர்டு செய்து கொடுத்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய கட்டம் வரும்போது கட்டைவிரலால் பொத்தானைத் தட்டினால் இவர் முன்பே பேசிப் பதிந்து வைத்தது இவர் குரலிலேயே கேட்கும். தண்ணி. வலிக்குது. ஃபேனைக் கொறை. கண்ணி, இங்க வா. "இதென்ன கூத்து" என்று அன்றைக்குச் சிரித்தேன்.

போன திங்கட்கிழமை டாக்டர் ஒன்று கேட்டார். மூச்சு விடுகிற தசைகளும் தளர்ந்துகொண்டே வருகின்றன, தொண்டையில் ஓட்டை போட்டு டியூப் வைத்து மெஷினோடு சேர்த்துவிட்டால் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம், ஆனால் அப்புறம் மெஷின்தான் வாழ்க்கை என்றார். வேண்டுமா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும், 22ஆம் தேதி வரும்போது சொல்லுங்கள் என்றார்.

இன்று சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் பொத்தானைத் தட்டித் தட்டிப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் போகிற வழக்கம் இல்லை. கம்ப்யூட்டர் வேறு ஏதோ அப்டேட் என்று மூலையில் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது கரண்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப், அதுவும் கூடவே போனது. கரண்ட் வந்தது, அது வரவில்லை. நீலத் திரையில் ஆட்டோமேடிக் ரிப்பேர் என்று எழுதி, கீழே சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின.

"பாருங்க, அதுவே ரிப்பேர் பண்ணிக்கிருதாம்" என்றேன். ஒரு நல்ல மூச்சு விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 4, சனி

ரிப்பேர் ஆகவில்லை. உங்கள் கம்ப்யூட்டரை ஆராய்கிறோம் என்று ஒரு வரி. வட்டம். பிறகு, சரிசெய்ய முடியவில்லை என்று இன்னொரு வரி. மறுபடியும் ஆன் செய்தேன். மறுபடியும் அதே ராமாயணம்.

எழுத்து அட்டையை எடுத்துத் தூசி தட்டினேன். போர்டு வருவதற்கு முன்னால் அதுதான் எங்கள் பேச்சு. முதலில் மெய்யெழுத்து வரிசையில் என் விரலை நகர்த்த வேண்டும். சரியான எழுத்து வந்ததும் இவர் கண்ணை மூடி நிறுத்துவார். அப்புறம் அ, ஆ, இ என்று உயிரெழுத்து வரிசை. அங்கேயும் ஒரு தடவை மூடுவார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தோடு வேலை முடிந்தது. நம் பாஷையில் "காபி" என்று கேட்பதற்குள் காபி ஆறிவிடும்.

இன்றைக்கு இவர் கேட்டது "மெர்லின்". அந்தக் காலேஜ் பிள்ளைகளில் ஒருத்தி. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போடு என்கிறார். திங்கட்கிழமை போடுகிறேன் என்றேன். சனி, ஞாயிறு அந்தப் பிள்ளை ஓய்வெடுக்க வேண்டாமா?

நவம்பர் 6, திங்கள்

மெர்லினிடம் பேசினேன். ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்று பேசினாள். நல்ல பிள்ளை.

"அக்கா, ரிப்பேர்னு பேரு போட்டிருக்கிறதப் பாத்து ஏமாந்துராதீங்க. அது பாக்குறது கம்ப்யூட்டர் எந்திரிக்கிற வழிய மட்டுந்தான். எந்திரிக்க வேண்டிய ஃபைலெல்லாம் இருக்கா, விண்டோஸ் எங்க இருக்குன்னு எழுதி வச்ச குறிப்பு சரியா இருக்கா, பாதியில நின்ன அப்டேட் குறுக்க நிக்குதா. அந்த மாதிரின்னா சரி பண்ணிரும். வேற எதுன்னாலும் என்னால முடியலன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கும்."

"அப்ப இவுக குரலு?"

"அத அது தொடாதுக்கா. அழிக்காது, காப்பாத்தவும் செய்யாது. அப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னே அதுக்குத் தெரியாது."

வீட்டு வாசல் பூட்டைச் சரிசெய்கிற ஆள் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். உள்ளே யாருக்கு என்ன வியாதி என்று அவன் கேட்கமாட்டான்.

ரீசெட் என்று ஒன்று திரையில் வருகிறதே, உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்வோம் என்று அதில் போட்டிருக்கிறதே, அதை அமுக்கட்டுமா என்றேன். போனுக்குள்ளேயே பதறினாள்.

"ஐயோ, வேண்டாங்க்கா! போட்டோவும் டாக்குமெண்ட்டும்தான் வச்சுக்கிரும். மேல போட்ட புரோகிராம் எல்லாத்தையும் தூக்கிரும். அண்ணன் குரல் பூராவும் போர்டு புரோகிராமுக்குள்ளயே வச்சிருக்கோம். படிக்கிற வயசுல பண்ண முட்டாத்தனம். ஆனா ஒரு பென்டிரைவ்ல காப்பி குடுத்தோமே?"

கொடுத்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு மைக் செட்காரர் பாட்டு ஏற்ற பென்டிரைவ் கேட்டு வந்தார். "குடுத்துவிடு" கட்டத்தை இவரே தட்டினார். மைக் செட்காரர் என்றால் இவருக்கு உடன்பிறப்பு மாதிரி. திரும்பி வந்தபோது அதில் மாரியம்மன் பாட்டுதான் இருந்தது.

அதையும் மெர்லினிடம் சொன்னேன். பிறகு, டிஸ்கில் கோளாறு இருக்கலாம், கட் கட் என்று சத்தம் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது. "அப்ப ஆன் பண்ணவே பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை ஓட்டுறப்பவும் அது டிஸ்க்க தடவித் தடவிப் பாக்கும். நோவுல கெடக்குறவங்கள எழுப்பி நடக்கவிடுற மாதிரி. மதுரைல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டிக் காப்பி எடுத்துருவாரு. நம்பர் அனுப்புறேன், இன்னைக்கே பேசுங்க."

நம்பர் வந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

மழை. அந்த ஆளுக்குப் போன் போடவில்லை.

நவம்பர் 9, வியாழன்

இவருடைய அண்ணன் தவசி வந்தார். செக்கானூரணியிலிருந்து நனைந்துகொண்டே பைக்கில் வந்திருக்கிறார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவர் வந்தால்தான் ஆள் புழங்குகிற வீடு மாதிரி இருக்கிறது. வந்ததும் தம்பியின் காலைப் பிடித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

"என்னத்தா, டியூப்பு போடுறதப் பத்தித் தம்பி என்ன சொன்னான்?"

"மெஷினு ரிப்பேரு மாமா. அட்டையில கேக்கலாம், ரொம்ப நேரமாகும்."

"அட்டையில நீதான வெரல வைக்கிற? நீ எங்க நிப்பாட்டுறியோ அதுதான் எழுத்து. நாளைக்கு ஊரு கேட்டா, பொண்டாட்டி வெரலு சொல்லுச்சுன்னா சொல்றது? அவன் கொரல்ல வரட்டும். போடத்தான் சொல்லுவான். சாகுறதுக்கா பெத்துப் போட்டாக?"

வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பன்னிரண்டு வருஷம் இந்தக் குடும்பத்துக்குச் சோறு பொங்கிப் போட்ட விரல் இது. ஆனால் இன்றைக்கு வாய் திறக்கவில்லை. போடத்தான் சொல்லுவான் என்று அவர் சொன்னது காதுக்கு நன்றாக இருந்தது.

மெஷினைக் காட்டு என்றார். ஆன் செய்தேன். வட்டம் சுற்றியது.

"ரிப்பேர் ஓடிக்கிட்டிருக்கு மாமா."

"அப்படியா? நல்லா ஓடட்டும்" என்றார். பயபக்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் வைத்துவிட்டேன், வெந்நீரில் துடைத்துவிட்டேன். புதுச் சட்டையின் முதுகை வெட்டி முன்பக்கமாகப் போட்டுவிட்டேன். நான் பிளவுஸ் தைக்கிறவள்தானே, அதற்கு என்ன குறை. அதிரசத்தைப் பாலில் ஊறவைத்து நாக்கில் வைத்தேன். முழுங்கவில்லை, ருசி பார்த்தார்.

தெருவில் வெடிப் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து வட்டத்தைப் பார்த்தோம். நான்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்திருந்தேன். "இன்னிக்கு என்னமோ வேகமாச் சுத்துது, வந்துரும்போல" என்றேன். அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். எனக்குத் தெரியும்.

இவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. கல்யாணமான வருஷம் டவுன்ஹால் ரோட்டில் படம் பார்த்தபோதுகூட இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. அப்போதும் இடைவேளையில் எழுந்து எவனோ கபடிக்காரனைத் தேடிப் போய்விட்டார்.

நவம்பர் 14, செவ்வாய்

மதியம் இவர் அட்டையைக் கேட்டார். கண் சுவரில் போய் நின்றால் அட்டை வேண்டும் என்று அர்த்தம், அது அங்கேதான் தொங்குகிறது. எடுத்தேன். "டி" வந்தது. அப்புறம் "யூ". மூன்றாவது எழுத்துக்கு விரலை வைக்கும்போது குக்கர் விசில் அடித்தது. போய் நிறுத்திவிட்டு வந்தேன். வந்தபோது இவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் தூக்கம்தான். அட்டையை மாட்டிவிட்டேன்.

மெர்லின் போன் செய்தாள். அந்த ஆள் வந்தாரா என்று கேட்டாள். பண்டிகை நேரம், வரவில்லை என்றேன். நீங்கள் கூப்பிட்டீர்களா என்றாள். சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

கட் கட் சத்தம் அதிகமாகியிருக்கிறது.

நவம்பர் 15, புதன்

ரிப்பேர் ஓடியது.

நவம்பர் 16, வியாழன்

காலையில் மூச்சுக்கு வைக்கிற மாஸ்க்கோடு படுத்திருந்தவர் முகம் திடீரென்று மாறியது. கண் பிதுங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாஸ்க்கை இறுக்கினேன், தளர்த்தினேன், குழாய் விட்டுச் சளி உறிஞ்சினேன். அட்டையைக் காட்டினால் எழுத்து வருவதற்குள் உயிர் போய்விடும்போல் இருந்தது. என்ன என்ன என்று கத்துகிறேன். கடைசியில் பார்த்தால் தலையணை நழுவிக் கழுத்து மடங்கிக் கிடந்தது. அவ்வளவுதான். போர்டு இருந்தால் "தலையைத் தூக்கு" என்று ஒரு தட்டு.

தலையைத் தூக்கி வைத்தேன். நிறம் திரும்பியது. கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதேன். அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணீரைத் துடைக்க அவரால் முடியாது. அவருடையதையும் நான்தான் துடைத்தேன்.

மதுரை ஆளுக்குப் போன் போட்டேன். வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம்.

நவம்பர் 17, வெள்ளி

இத்தனை நாள் இழுத்தடித்தவளுக்கு இன்றைக்குத் திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. மெர்லினைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் சொன்னதுக்கு அப்புறம் எத்தன தடவ ஆன் பண்ணீங்க?"

"ஒண்ணு ரெண்டு தடவ."

"உண்மையச் சொல்லுங்க."

"தினமும்."

"ஏங்க்கா? அது ஒண்ணும் பண்ணாதுன்னு தெளிவாச் சொன்னேனே!"

சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்திருந்தது. திங்கட்கிழமை வரை தொடாமல் வைத்திருங்கள் என்று கெஞ்சினாள். நேற்றைக்கு நடந்ததைச் சொன்னேன். இன்னொரு தடவை அப்படி ஆனால் என்னால் தாங்க முடியாது, நீ வழி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் எதையாவது அமுக்கத்தான் போகிறேன் என்றேன். பயந்துபோய் வழி சொன்னாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் மார்மேல் வைத்தேன். நீலத் திரையில் வேறு வழிகள் என்பதற்குள் போய், கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொன்னாள். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்ததும் எழுதுகிற வெள்ளைப் பக்கம் வந்தது. அதில் ஓப்பன் போனால் டிஸ்க்குக்குள் இருக்கிற எல்லாமே வரிசையாகத் தெரிகிறது. வேண்டியதை எடுத்துப் பென்டிரைவில் போடலாமாம். விண்டோஸ் எழுந்திருக்காமலேயே பின்வாசல் வழியாகச் சாமானை எடுக்கிற வேலை.

போர்டு இருந்த இடத்தைத் திறந்தேன். பெயர்கள் எதுவுமே இல்லை. வரி வரியாக வெறும் பெட்டி பெட்டியாக இருந்தது.

"தமிழ்ல பேரு வச்சோம்ல, அதான். ரிப்பேர் பண்ற எடத்துல தமிழ் எழுத்து கெடையாதுக்கா" என்றாள். "சத்தம் எனக்கே கேக்குது. ரொம்ப நேரம் தாங்காது. மொத்தமா எடுக்காதீங்க. எது முக்கியம்னு தோணுதோ அத ஒண்ணொண்ணா எடுங்க."

பெயர் தெரியவில்லை என்றாலும் நீளம் தெரிந்தது. இவர் பேசிய வாக்கியத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். சின்னப் பேச்சுக்குச் சின்ன வரி, பெரிய பேச்சுக்குப் பெரிய வரி. எல்லாவற்றிலும் நீளமாக ஒன்று கடைசியில் கிடந்தது. அது எது என்று எனக்குத் தெரியும்.

குரல் பதிந்த நாட்களில் ஒருநாள் இவர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். நான் இந்தப் பக்கம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். காலை நிறுத்தினேன். தொண்டை ஏற்கெனவே குழறத் தொடங்கியிருந்தது. திணறித் திணறித் திரும்பத் திரும்பச் சொன்னார். "மூச்சு நிக்கிறப்ப நிக்கட்டும்ணே. மெஷினு வேண்டாம். இது என் முடிவு. கண்ணி மேல யாரும் கோவப்படாதீக." கதவைத் திறந்தபோது மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோணத்தில் திரை அவருக்குத் தெரியாது.

நீளமானதை நான் தொடவில்லை. சின்னதாக இருந்த ஒன்றை எடுத்தேன். "கண்ணி" என்று இவர் கூப்பிடுகிற கட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அது பென்டிரைவுக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்ததை எடுத்தேன். பச்சைக் கோடு பாதியில் நின்றது. கட், கட், கட். பிறகு சத்தமே இல்லை. திரை போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது.

"அக்கா? அக்கா, என்னாச்சு?" என்று இவர் மார்மேலிருந்து மெர்லின் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 18, சனி

பென்டிரைவை டிவியில் செருகினேன். இவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். ரிமோட்டை அமுக்கினேன்.

"பொரட்டு" என்றார் வீரணன்.

என் பெயர் இல்லை. படுத்த இடத்தில் முதுகு வலிக்கும்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டுகிற கட்டம் அது. மைதானம் அதிரப் பேசிய மனுஷன் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

கேட்டதும் கையிலிருந்த ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போய் அவரை ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டேன். பிறகுதான் டிவி சொன்னது என்று உறைத்தது. இவர் கண் சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

நவம்பர் 20, திங்கள்

மதுரை ஆள் டிஸ்க்கைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். முதலிலேயே கொண்டுவந்திருந்தால் எல்லாமே வந்திருக்கும் என்றார்.

நவம்பர் 22, புதன்

தவசி மாமா வேன் பிடித்து வந்தார். டாக்டர் அறையில் நான், அவர், சக்கர நாற்காலியில் இவர். கம்ப்யூட்டர் போனதைச் சொன்னேன். டாக்டர் வருத்தப்பட்டார். அட்டையில் கேட்டால் போதும், எனக்கு அது செல்லும் என்றார்.

"எனக்குச் செல்லாது சார்" என்றார் மாமா. "தப்பா நெனைக்காதத்தா. உசுரு சமாச்சாரம்."

"நீங்களே அட்டையப் பிடிங்க மாமா" என்று அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். அட்டைக்குப் போகாமல் வாயாலேயே கேட்டார். "தம்பி, டியூப்பு போட்டுக்கிருவமாப்பா? அண்ணன் இருக்கேன், கடைசி மட்டும் பாத்துக்கிருவேன். போட்டுக்கிருவமா?"

இவர் கண் மூடியது. மூடியபடியே நின்றது.

"ஆமாங்குறான்! பாத்தீங்களா சார், கண்ண மூடிட்டான்! நான்தான் சொன்னேன்ல, என் தம்பி போடத்தான் சொல்லுவான்னு!" மாமா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

இவர் ஆமாம் என்று மூடினால் இமை அழுந்தும், புருவத்துக்கு நடுவில் ஒரு சுருக்கம் விழும். இப்போது சுருக்கம் இல்லை. அண்ணன் பேசிய பேச்சில் கண் கலங்கிவிட்டது, கலங்கினால் எரியும், எரிந்தால் தானாக மூடிக்கொள்ளும். இது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் பேசாமல் இருந்தால் போதும். அவர் இருப்பார். பல வருஷம் இருப்பார். அதுதானே எனக்கு வேண்டும்? தினமும் சாமிகளிடம் அதைத்தானே கேட்டேன்? யாரும் என்னை ஒரு சொல் சொல்லமாட்டார்கள்.

இவர் கண்ணைத் திறந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை.

"மாமா, அது ஆமா இல்ல" என்றேன். "கண்ணு எரிச்சல்ல மூடுறாக. அட்டையில வெரல வச்சுக் கேளுங்க."

"ஏத்தா..."

"வைங்க மாமா. கால்ல விழுந்து கேக்குறேன்."

வைத்தார். ஐந்தாம் வகுப்பு படித்த விரல், தப்புத் தப்பாக நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் முகத்தைப் பார்த்து இவர் சொன்னார் என்று ஆகக்கூடாது. மாமா ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொன்னார். ப. அப்புறம் ஓ. "போ" என்று சேர்த்துப் படித்தார். து. ம். அதற்கப்புறம் வெகுநேரம் எழுத்து வரவில்லை. அழுதுகொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் விரலை வைத்தார். ண். ஏ.

"போதும்ணே-ங்குறான் சார்" என்றார் டாக்டரிடம். அட்டையை என்னிடம் நீட்டினார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோபமா என்று தெரியவில்லை. கோபப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டிய வாக்கியம் இனி எங்கேயும் இல்லை.

மூச்சு முட்டும்போது சிரமம் தெரியாமல் இருக்க என்ன மருந்து, யாரை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேனில் திரும்பி வரும்போது மாமா தம்பியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார்.

நவம்பர் 23, வியாழன்

காலை: கஞ்சி, கால் டம்ளர்கூட இல்லை. மூச்சு: மேலாக.

செத்த லேப்டாப்பை மேஜையிலிருந்து எடுத்துப் பீரோ மேல் வைத்தேன். இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அது ரிப்பேரே ஆகலைங்க. சும்மா சுத்துச்சு. ஒண்ணும் நடக்காதுன்னு மெர்லின் மொதல்லயே சொல்லிருச்சு. தெரிஞ்சேதான் தெனமும் சுத்தவிட்டேன். நீங்க அந்தக் கடைசிக் கட்டத்தத் தட்டிருவீகன்னு பயம். ஒங்க கொரல நானே கொன்னுட்டேன்."

இவர் கண் சுவருக்குப் போனது. அட்டையை எடுத்தேன். குக்கர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.

"தெரியும்" என்று வந்தது.

"என்னது தெரியும்? எப்ப?"

கண் மறுபடியும் அட்டைக்குப் போனது. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் புருவம் சுருங்க அழுத்தி மூடி மூடி, வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் கால் வரைக்கும் வருகிற மட்டும் சொன்னார். நான் ஒரு எழுத்தையும் முந்திக்கொண்டு ஊகிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கும் இன்னுங் கொஞ்ச நாள் வேண்டியிருந்துச்சு."